வயித்தெரிச்சலும் ‘ஹிஸ்டரிக்க’லும்: ஒரு பெயரடை பற்றிய குறிப்புகள்

1

ஆங்கிலத்தில் ‘ஹிஸ்டரிக்கல்’ என்றொரு பெயரடை உண்டு. அடக்கமாட்டாமல் அழுகிறவர், கத்துகிறவர், சிரிக்கிறவர் யாருக்கு முன்னாலும் அதைப் போடலாம். அகராதி அர்த்தம் அவ்வளவுதான். ஆனால் யாருக்குப் போடுகிறோம், யாருக்குப் போடுவதில்லை என்பதை அகராதி சொல்வதில்லை. அது புழக்கத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

இந்தச் சொல் இப்போது நம்மூர்ச் சொல்லும்கூட. வங்கிக் கிளையிலும் கல்லூரி ஆசிரியர் அறையிலும் ‘அந்தம்மா கொஞ்சம் ஹிஸ்டரிக்கல் டைப் ஸார்’ என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள். ஒரு ஆண் மேலதிகாரி மேஜையை உடைத்தால் அவர் ‘டென்ஷன் பார்ட்டி’, ஒரு பெண் ஊழியர் குரலை உயர்த்தினால் ‘ஹிஸ்டரிக்கல்’. நம்முடைய இயக்கக் கூட்டங்களில் இந்தச் சொல்லைப் பயன்படுத்த மாட்டோம், நாம் முற்போக்கானவர்கள். அங்கே அதற்குப் பதிலாக, ‘தோழர், உணர்ச்சிவசப்படாம பேசுங்க’ என்போம். வேலை ஒன்றுதான்.

உண்மை அறியும் குழுக்களின் அறிக்கைகளைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் அங்கிருந்து இங்கும் பல வருஷங்களாக மொழிபெயர்த்து வருபவன் என்கிற முறையில்தான் இந்தச் சொல்லோடு எனக்குத் தகராறு. கீழத்தஞ்சைக் கிராமத்தில் ஒரு பெண் மாரில் அடித்துக்கொண்டு, மண்ணை வாரித் தூற்றி, பெயர் சொல்லி, தேதி சொல்லி, எத்தனை மரக்கால் குறைந்தது என்று கணக்குச் சொல்லி அழுதிருப்பாள். ஆங்கிலத்தில் அது ‘ஹிஸ்டரிக்கல்’ என்ற ஒற்றைச் சொல்லாக வந்து நிற்கும். பெயர், தேதி, மரக்கால் எதுவும் இல்லை. அழுகை மட்டும் மிச்சம். இந்த இழப்பு எப்படி நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளும் முயற்சியே இக்குறிப்புகள்.

2

‘ஹிஸ்டெரா’ என்றால் கிரேக்க மொழியில் கர்ப்பப்பை. கர்ப்பப்பை உடம்புக்குள் இடம்விட்டு இடம் அலைந்து பெண்ணுக்கு மூச்சுமுட்டலையும் வலிப்பையும் கொண்டுவருகிறது என்பது பண்டைய கிரேக்க மருத்துவத்தின் எண்ணம். பிளேட்டோவின் ‘திமேயுஸ்’ உரையாடலிலும் இது இருக்கிறது. ஆக, சொல்லின் வேரிலேயே ஒரு தீர்ப்பு உள்ளது. பெண்ணின் கலக்கத்துக்குக் காரணம் வெளியே இல்லை, அவளுடைய உறுப்பில் இருக்கிறது.

இந்தச் சொல் எப்போதும் வசையாகவே இருந்தது என்று சொல்லிவிட்டால் அது சரித்திரமாகாது. 1603-இல் லண்டன் மருத்துவர் எட்வர்ட் ஜோர்டன் ஒரு சிறு நூல் எழுதினார். மேரி குளோவர் என்ற இளம்பெண்ணுக்கு வந்த வலிப்புகளுக்குச் சூனியம் காரணமென்று ஒரு கிழவியின்மேல் வழக்கு நடந்திருந்தது. ‘இல்லை, இது கர்ப்பப்பை சார்ந்த நோய்’ என்று வாதிட்டார் ஜோர்டன். சூனியக்காரி என்று ஒருத்தியைத் தண்டிப்பதைவிட நோயாளி என்று இன்னொருத்தியைப் படுக்கவைப்பது மேல் அல்லவா? பேயின் இடத்தில் நோயை வைத்தது அன்றைக்கு ஒரு விடுதலை. இதை ஒரு ஓரத்தில் வைத்துக்கொள்வோம், திரும்ப வேண்டியிருக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் சார்க்கோ என்ற மருத்துவர் ஹிஸ்டீரியா நோயாளிகளைப் பார்வையாளர்கள் முன் நிறுத்தி விளக்கினார், புகைப்படம் எடுக்கவைத்தார். அங்கே பயின்ற ஃபிராய்ட், ப்ராயருடன் சேர்ந்து 1895-இல் ‘ஹிஸ்டீரியா பற்றிய ஆய்வுகள்’ நூலை வெளியிட்டார். ஃபிராய்டின்மேல் எத்தனை விமர்சனம் இருந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் நோயாளியைப் பார்ப்பதைவிட்டு அவள் சொல்வதைக் கேட்க உட்கார்ந்தார். அறிகுறி என்பது சொல்லமுடியாமல் போன ஒரு பேச்சு என்ற எண்ணம் அங்கே பிறந்தது.

முதல் உலகப்போரில் பதுங்குகுழிகளிலிருந்து நடுங்கிக்கொண்டும் வாயடைத்தும் திரும்பிய சிப்பாய்களுக்கும் ஏறத்தாழ இதே அறிகுறிகள்தாம். ஆனால் 1915-இல் ஒரு புதுச்சொல் அச்சேறியது: ‘ஷெல் ஷாக்’, குண்டதிர்ச்சி. வித்தியாசத்தைக் கவனியுங்கள். ஆணுக்கு வந்தபோது காரணம் வெளியே போய்விட்டது, அவனுடைய உறுப்பில் இல்லை, குண்டில் இருக்கிறது.

ஃபூக்கோ 1976-இல் பாலியலின் வரலாறு முதல் தொகுதியில் பெண்ணுடலை ‘ஹிஸ்டீரியாமயமாக்கல்’ பற்றிப் பேசினார். பெண்ணின் முழு உடம்பையும் பாலியல் நிரம்பிய உடம்பாக அடையாளப்படுத்தி மருத்துவத்தின் கையிலும் குடும்பத்தின் கையிலும் ஒப்படைக்கும் ஓர் அதிகார உத்தி அது. 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப்பட்டியலின் மூன்றாம் பதிப்பில் ஹிஸ்டீரியாவை ஒரு நோயாக வைத்துக்கொள்ளாமல் வேறு பெயர்களில் பிரித்துப்போட்டது. ‘ஹிஸ்டரிக்கல் ஆளுமை’ என்பது ‘ஹிஸ்ட்ரியானிக் ஆளுமை’ ஆயிற்று. ‘ஹிஸ்ட்ரியோ’ என்றால் லத்தீனில் நடிகன். கர்ப்பப்பை போய் நாடகக்கொட்டகை வந்தது. முன்பு ‘அவளுக்கு நோய்’, இப்போது ‘அவள் நடிக்கிறாள்’. நோய் பட்டியலைவிட்டுப் போனாலும் பெயரடை மட்டும் தெருவில் தங்கிவிட்டது.

3

இனித் தமிழுக்கு வருவோம்.

ஆங்கிலத்தில் உணர்ச்சி பெரும்பாலும் ஆளோடு ஒட்டிய பெயரடை. ‘ஷி இஸ் ஹிஸ்டரிக்கல்.’ அவள் சிவப்பாக இருக்கிறாள், உயரமாக இருக்கிறாள் என்பதுபோல அவள் ‘அப்படி’ இருக்கிறாள். தமிழிலோ கோபம் ‘வரும்’, அழுகை ‘வரும்’, ஆவேசம் ‘வரும்’, சாமியும் ‘வரும்’. எனக்குக் கோபம் வந்தது என்னும்போது நான் எழுவாய்கூட இல்லை, கோபம்தான் எழுவாய். நான் நான்காம் வேற்றுமையில், ‘கு’ உருபோடு, அது வந்து சேரும் இடமாக நிற்கிறேன். வந்தது போகும். வந்ததென்றால் எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும். ‘ஏன் வந்துச்சு?’, ‘யாரால வந்துச்சு?’ என்ற கேள்விகள் இந்த வாக்கிய அமைப்புக்குள்ளேயே காத்திருக்கின்றன. பெயரடையிடம் இப்படிக் கேட்க வழியில்லை. அவள் ஏன் உயரமாக இருக்கிறாள் என்று யாரும் வழக்காடுவதில்லை.

இலக்கணம் தமிழரை நல்லவர்களாக்கிவிட்டது என்று நான் சொல்லவில்லை. இலக்கணத்தில் ஒரு வாசல் திறந்திருக்கிறது என்பதே செய்தி.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலைப் பாருங்கள். எட்டு மெய்ப்பாடு, ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன். அழுகைக்குச் சொல்லப்படுபவை இளிவு, இழவு, அசைவு, வறுமை. அதாவது, பிறர் இகழ்வது, உயிரையோ பொருளையோ இழப்பது, முன்பிருந்த நிலை கெடுவது, இல்லாமை. வெகுளிக்குச் சொல்லப்படுபவை உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. உறுப்பை அறுத்தல், சுற்றத்துக்கும் குடிக்கும் கேடு சூழ்தல், கோல்கொண்டு அடித்தல், கொல்லுதல். இந்த எட்டில் ஒன்றாவது கர்ப்பப்பையில் இருக்கிறதா? பெரும்பாலானவை இன்னொருவர் செய்தவை. வெகுளியின் நான்கையும் வரிசையாகச் சொன்னால் சவுக்கடியும் சாணிப்பாலும் இருந்த கீழத்தஞ்சைப் பண்ணைகள்மேல் எழுதிய குற்றப்பத்திரிகை மாதிரியே இருக்கும்.

வெறியாட்டும் நமக்கு இங்கே உதவும். மகள் மெலிகிறாள், ஏங்குகிறாள். தாய் வேலனை அழைக்கிறாள். வேலன் கழங்கு போட்டுப் பார்த்து ‘முருகு அணங்கியது’ என்கிறான், ஆட்டை அறுக்கிறான், ஆடுகிறான். தோழிக்கு உண்மை தெரியும், காரணம் மலைநாட்டுக்காரன் ஒருவன். குறுந்தொகைத் தோழி ஒருத்தி வேலனையே மடக்கிக் கேட்கிறாள். பெண்ணின் நெஞ்சில் நடப்பதை அதிகாரமுள்ள ஆண் ஒருவன் தப்பாகப் பெயரிடுவதும், இன்னொரு பெண் அதைத் திருத்துவதும் நம் கவிதையில் ஒரு துறையாகவே இருந்திருக்கிறது. சார்க்கோவின் மேடையில் தோழி இல்லை.

4

வயிறு. இங்கேதான் கிரேக்கமும் தமிழும் சந்தித்து உடனே பிரிந்துபோகின்றன. தமிழ்ப் பெண்ணின் துக்கமும் அடிவயிற்றில்தான் இருக்கிறது. ‘பெத்த வயிறு பத்தி எரியுது’, ‘அடிவயிறு கலங்குது’, ‘வயித்துல அடிச்சுக்கிட்டு அழுவுறா’. ஆனால் தமிழில் வயிறு அலைவதில்லை, எரிகிறது. அந்த எரிச்சலுக்கு ஒரு திசை உண்டு. ‘ஏழை வயித்தெரிச்சலக் கொட்டிக்காதே’ என்கிறோம். கொட்டிக்கொள்கிறவன் வேறொருவன். அவள் வயிற்றில் எரிவது அவன் குடும்பத்தைத் தாக்கும். கிரேக்கக் கர்ப்பப்பை நோய், தமிழ் வயிறு பிராது. இந்த ஒன்றைச் சொல்லத்தான் இத்தனை தூரம் சுற்றினேன்.

நாகப்பட்டினம் பக்கத்தில் சிறுவயதில் நான் பார்த்த ஒரு களத்துமேடு. கூலி நெல் அளக்கிறார் காரியஸ்தர். மரக்காலின் தலையைக் கையால் வழித்து வழித்து அளக்கிறார். ஒரு நடுவயசுப் பெண், பிள்ளை பெற்று இரண்டு மாதம்கூட ஆகாதவள், முந்தானையை உதறிக் கொட்டிவிட்டு எழுந்தாள். தலை அவிழ்ந்தது. வயிற்றில் அறைந்துகொண்டாள். ‘போன கோடைக்குக் கும்பி அளந்தீங்க, இந்தச் சம்பாவுக்கு வழிச்சு அளக்குறீங்க, ஆறு ஆளுக்கு எத்தன படி போச்சுன்னு எங்களுக்குத் தெரியாதா ஆண்டே, இந்தப் பச்சப் புள்ள வயிறு ஒங்களச் சும்மா வுடுமா’ என்று ஆரம்பித்தவள் மண்ணை இரண்டு கையாலும் வாரி வீட்டுத் திசையில் தூற்றினாள். காரியஸ்தர் சிரித்தபடி ‘அவளுக்குச் சாமி வந்துடுச்சுடா’ என்றார். கை மட்டும் நின்றுவிட்டது. கொஞ்சநேரம் கழித்து யாரையும் பார்க்காமல், ‘அவளுக்கு ஒரு மரக்கா சேத்துப் போடு’ என்றார்.

அவளுடையது கட்டுப்பாடற்ற உணர்ச்சியா? பார்வைக்கு ஆமாம். ஆனால் அவள் சொன்னதில் முந்தைய அளவு இருந்தது, இப்போதைய அளவு இருந்தது, ஆள்கணக்கு இருந்தது. அழுகை அந்தக் கணக்கை மறைக்கவில்லை, அதைச் சுமந்து வந்தது. தாளில் எழுதிக்கொடுக்க எழுத்தறிவோ, வாங்கிக்கொள்ள ஒரு அலுவலகமோ இல்லாதவர்களுக்கு அவிழ்ந்த தலையும் வாரித் தூற்றிய மண்ணும்தான் மனுத்தாள். ஒப்பாரியும் இப்படித்தான். இழவு வீட்டில் ஒருத்தி ராகம்போட்டு அழும்போது கொழுந்தன் செய்த வஞ்சனை, அண்ணன் கொடுக்காத சீர், வைத்தியத்துக்குப் பணம் தராத பெரியவீடு எல்லாம் சபைக்கு வரும். வேறெந்த நாளும் அவளுக்குச் சபை கிடையாது.

5

சரி, அப்படியானால் சாமியும் பேயும் நம்முடையவை, ஹிஸ்டீரியா வெள்ளைக்காரனுடையது, ஆகவே பேயே மேல் என்று முடித்துவிடலாமா? சுதேசிப் பெருமை பேசுகிறவர்கள் இங்கே அவசரமாக வந்து உட்கார்ந்துகொள்வார்கள். விடக்கூடாது.

ஜோர்டனுக்குத் திரும்புவோம். நம்மூர்ப் பகுத்தறிவாளர்கள் ‘சாமியாடுவது ஹிஸ்டீரியா’ என்று பேசியதும் எழுதியதும் அதே விடுதலை நோக்கத்தில்தான். வேப்பிலையடியும் சாட்டையடியும் சூடும் வாங்கிய பெண்களுக்கு அந்தச் சொல் ஒரு தடுப்பு. மன நோயைப் பேயென்று சொல்வதன் விலை என்ன என்பதை 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் பார்த்தோம். தர்காவை ஒட்டிய காப்பகம் ஒன்றில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தீயில் ஓடமுடியாமல் போனார்கள். 28 பேர் இறந்தார்கள். அவர்களுக்கு மருத்துவம் வேண்டியிருந்தது, மரியாதையும் வேண்டியிருந்தது. இரண்டும் கிடைக்கவில்லை.

ஆகவே பிரச்சினை ‘மேற்கு/கிழக்கு’ இல்லை. நோயென்று சொன்னாலும் பேயென்று சொன்னாலும், பேசுகிறவளின் பேச்சைக் கேட்காமல் இருப்பதற்காகச் சொன்னால் இரண்டும் ஒரே சங்கிலிதான்.

6

1968 டிசம்பர் 25. அன்றைய தஞ்சை மாவட்டத்தில் நாகை வட்டத்துக் கீழ்வெண்மணி. இந்த இதழின் வாசகர்களுக்கு நான் கதை சொல்ல வேண்டியதில்லை. கோரிக்கை அரைப்படி நெல் கூடுதல் கூலி. செங்கொடியை இறக்கு என்பது எதிர்க்கோரிக்கை. ராமையாவின் குடிசைக்குள் ஒதுங்கிய 44 தலித்துகள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், எரித்துக் கொல்லப்பட்டார்கள்.

உணர்ச்சி என்ற கோணத்தில் மட்டும் இதை ஒருமுறை படித்துப் பாருங்கள். மண் வாரித் தூற்றியவர்களின் பிள்ளைகள், 1940களில் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் கட்டிய சங்கத்தின் வழிவந்தவர்கள், இப்போது சாபம் விடவில்லை. அளவாக, எண்ணிச் சொல்லத்தக்க ஒன்றைக் கேட்டார்கள்: அரைப்படி. கணக்கில் பேசியவர்கள் எரிக்கப்பட்டார்கள். எரித்த தரப்பு? கீழ்க்கோர்ட்டு 1970-இல் தண்டித்தது. 1973-இல் சென்னை உயர்நீதிமன்றம் நிலவுடைமையாளர்களை விடுவித்தது. நிறைய நிலமுள்ள பணக்காரர்கள், கார்கூட வைத்திருப்பவர்கள், வேலையாட்களை அனுப்பாமல் தாங்களே நடந்துபோய்க் குடிசைகளுக்குத் தீவைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற பொருளில் அந்தத் தீர்ப்பு பேசியது. அதே நாள் மோதலில் நிலவுடைமையாளர் தரப்பு ஆள் ஒருவர் இறந்ததற்காகத் தொழிலாளர்கள் தண்டிக்கப்பட்டார்கள். கூலிக்காரனுக்கு ஆத்திரம் வரும் என்பதை நம்புவது யாருக்கும் கடினமாக இல்லை.

‘ஹிஸ்டரிக்கல்’ என்ற சொல் இந்தத் தீர்ப்பில் வரவேண்டிய அவசியமே இல்லை. அந்தப் பெயரடை செய்கிற வேலையை இங்கே அதன் இன்மை செய்கிறது. உணர்ச்சி கீழே உள்ளவர்களுக்கு, நிதானம் மேலே உள்ளவர்களுக்கு என்கிற பங்கீடுதான் அது. நிலம் பங்கீடானது போலவே இதுவும்.

காவிரி கடலில் கலக்கும் புகாரிலிருந்து புறப்பட்ட கண்ணகியின் வழக்கை இதன் பக்கத்தில் வைக்கலாம். தலைவிரிகோலம், உடம்பெல்லாம் புழுதி, கண்ணில் நீர். ‘ஹிஸ்டரிக்கல்’ என்று வாயிற்காவலன் சொல்லித் திருப்பியனுப்பியிருக்கலாம். அந்தக் கோலத்தோடு அவள் சொன்னதோ கச்சிதமான சாட்சியம்: என் சிலம்பில் மாணிக்கம். தன் தேவியின் சிலம்பில் முத்து என்று சொன்னது அரசன். உச்சபட்ச உணர்ச்சியும் உச்சபட்சத் தர்க்கமும் ஒரே ஆளிடம், ஒரே நேரத்தில். பின்னால் அவள் மதுரைக்கு வைத்த தீயிலும்கூட விலக்குப்பட்டியல் இருந்தது. முதியோரையும் குழந்தைகளையும் விட்டுவிடு என்றாள். (பட்டியலில் பார்ப்பாரும் பசுவும் இருப்பது வேறொரு கட்டுரைக்கான விஷயம்.) வெண்மணியின் தீயில் அப்படி ஒரு பட்டியல் இல்லை.

நம் பக்கத்துச் சொற்களையும் பார்த்துவிட வேண்டும். ‘சாதிவெறி’, ‘வெறியாட்டம்’ என்று நாம் வெண்மணியைப் பற்றி ஆயிரம் தடவை எழுதியிருக்கிறோம். நிலவுடைமையாளர்களுக்கு நெல் உற்பத்தியாளர் சங்கம் என்ற அமைப்பு இருந்தது, கூலியைப் பற்றிய கணக்கு இருந்தது, வெளியூரிலிருந்து ஆள்கொண்டுவரும் ஏற்பாடு இருந்தது. இதில் ‘வெறி’ எங்கே? திட்டமிட்ட ஒன்றை வெறி என்றால் அது சட்டென்று வந்து போய்விட்டதாக ஆகிவிடும். இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ (1975) நாவலின்மேல் எழுந்த முக்கிய விமர்சனமும் இதுதானே? நிலப்பிரபுவின் வன்முறைக்கு அவனுடைய ஆண்மைக்குறைவை உளவியல் காரணமாக வைத்தபோது அரைப்படி பின்னுக்குப் போய்விட்டது. இந்தமுறை ஆணின் உறுப்பில் காரணம் தேடினோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

7

காவிரித் தண்ணீருக்கும் இதே கதி. ஆங்கிலத் தலையங்கங்களில் காவிரி எப்போதும் ஒரு ‘எமோட்டிவ் இஷ்யூ’. டெல்டா விவசாயி பேசுவதோ தேதியும் அளவும்: மேட்டூர் திறக்க வேண்டிய நாள் ஜூன் 12; 1991 இடைக்காலத் தீர்ப்பில் 205 டி.எம்.சி.; 2018 உச்சநீதிமன்றத் தீர்ப்பில் கர்நாடகம் விடவேண்டியது 177.25 டி.எம்.சி. இதில் உணர்ச்சி எங்கே இருக்கிறது? நாற்றங்கால் காய்ந்தபிறகு இருக்கிறது. 2017 மார்ச், ஏப்ரலில் டெல்லி ஜந்தர் மந்தரில் தமிழக விவசாயிகள் மண்டையோட்டோடு உட்கார்ந்தபோது, எலியைக் கடித்தபோது, ‘நாடகம்’ என்றார்கள். ஹிஸ்டரிக்கல் போய் ஹிஸ்ட்ரியானிக் வந்த அதே பாதை. மனுக்கொடுத்தால் கோப்பில் போடுகிற அரசு, மண்டையோட்டைக் காட்டினால் கூத்து என்கிறது.

கும்பகோணத்தில் 1992 பிப்ரவரி 18 மகாமகத்தில் ஏறத்தாழ 50 பேர் நெரிசலில் இறந்தார்கள். முதலமைச்சர் ஜெயலலிதா நீராட வந்த நேரம். இப்படி எதுவும் நடக்கும்போதெல்லாம் ‘கட்டுக்கடங்காத கூட்டம்’ என்ற பெயரடை முதலில் வந்து நின்றுகொள்ளும். யார் எங்கே தடுப்பு வைத்தது, யாருக்காக வழி மறிக்கப்பட்டது என்ற கேள்விகள் அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கவேண்டியதுதான்.

எழுதுகிறவர்களும் இயக்கத்தவர்களும் படிக்கிற இதழ் இது என்பதால் ஒரு நடைமுறை யோசனை. ‘ஹிஸ்டரிக்கல்’, ‘உணர்ச்சிவசப்பட்டு’, ‘ஆவேசமாக’, ‘வெறிபிடித்து’ என்று எழுதக் கை போகும்போது மூன்று விஷயங்களைத் தேடிப் பார்க்கலாம். அந்த அழுகை யாரை நோக்கி அழப்பட்டது? அதற்குள் என்ன கணக்கு இருந்தது? பெயரடையைப் போட்டவர் எங்கே நின்றுகொண்டிருந்தார்? மூன்றுக்கும் பதில் கிடைத்தால் பெரும்பாலும் பெயரடை தேவைப்படாது, வினைச்சொல்லே போதும். மண்ணை வாரித் தூற்றினாள், இன்னது சொன்னாள், இன்னாரைச் சொன்னாள்.

மணலூர் மணியம்மை விதவைக்கோலத்தைத் தூக்கியெறிந்து, கிராப் வெட்டி, வேட்டி சட்டையில் தஞ்சைச் சேரிகளில் பண்ணையாட்களைத் திரட்டினார். 1953-இல் இறந்த அவரைப்பற்றி ராஜம் கிருஷ்ணன் ‘பாதையில் பதிந்த அடிகள்’ நாவலை எழுதினார். விதவைக்கு அனுமதிக்கப்பட்டது ஒரே உணர்ச்சி, மூலையில் உட்கார்ந்து அழுவது. கோபப்படும் உரிமையை அவர் தானே எடுத்துக்கொண்டார். நம் கூட்டங்களில் குரலை உயர்த்திப் பேசும் பெண் தோழரிடம் ‘உணர்ச்சிவசப்படாம பேசுங்க’ என்று சொல்லும் தலைமைத் தோழர்கள், அவர் சொல்ல வந்த கணக்கை முதலில் குறித்துக்கொண்டால் நல்லது. அரைப்படி எங்கே போனது என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும்.